ஹட்டன் மழையில் டோப் பூசாதே

பண்டாரவளை

அன்பின் சிவா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. மகளுக்குக் கம்பளைக்கே மாற்றல் கிடைத்தது பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம்.

படத்தில் இருப்பது சிப்மங்க் என்ற பயிற்சி விமானத்தின் வால் சுக்கான்தான். ஆனால் 1951இல் றோயல் சிலோன் விமானப்படை தொடங்கியபோது வந்த விமானத்தினுடையது என்று அவசரப்பட்டு யாரிடமும் சொல்லிவிடாதே. சுக்கானும், வாலில் மேலும் கீழும் அசைகிற எலிவேட்டரும் கழற்றி மாற்றுகிற சாமான்கள். பட்டறையில் கைக்குக் கிடைத்ததைப் பூட்டியிருப்பார்கள். விமானத்தின் அடையாளம் உடற்பகுதித் தகட்டிலுள்ள தயாரிப்பு எண்ணில்தான். பிரித்தானியாவில் கட்டிய 1,000 சிப்மங்குகளுக்கும் அந்த எண் 'சி1' என்று தொடங்கும். கனடாவிலும் போர்த்துக்கலிலும் கட்டியவை வேறு.

உன்னிடம் இருக்கிற சாட்சி சுக்கானின் சட்டத்தை மூடியிருக்கிற அந்தக் கிழிந்த துணி. உரிக்குமுன் 600 நம்பர் தண்ணீர் சான்ட்பேப்பரால் ஓரிடத்தில் காசளவு தேய்த்துப் பார். பழைய நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். எழுத்தோ எண்ணோ உள்ள பகுதியை வெட்டி எடுத்து வை. ஒவ்வொரு ரிப்பிலும் (துணியைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) தையல் முடிச்சுகளின் இடைவெளியை அளந்து எழுது. புதுத் துணியை அதே இடைவெளியில்தான் தைக்க வேண்டும்.

துணி போனபின் சட்டத்தைப் பார். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடினால் அது ஆடுகிறது. அலுமினியம் அப்பளம்போல் பொங்கி இதழ் இதழாகப் பிரிந்தால் தேய்த்துச் சரிக்கட்ட முடியாது, அந்தத் துண்டையே மாற்று. வெள்ளைப் பூப்பை எடுக்க ஸ்டீல் வூல் வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அங்கேயே அரிப்பைத் தொடக்கிவிடும். நைலோன் தேய்ப்பான் போதும்.

லினன் தேடி அலையாதே, பொலியெஸ்டர் துணி போடு. துணியை அயர்ன் பண்ணித்தான் இறுக்க வேண்டும். அயர்ன் பெட்டியின் சூட்டை வெப்பமானி வைத்துச் சரிபார்த்துக்கொண்டு முதலில் 121 பாகை, பிறகு 149, கடைசியில் 177. அதைத் தாண்டினால் துணி தளரும், மறுபடி இறுகாது. ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கி முடித்தால் பின்விளிம்பு வளையும். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிச் செய். பிறகு டோப், அதாவது விமானத் துணிக்குப் பூசுகிற வார்னிஷ் போன்ற திரவம். முதல் பூச்சு நைட்ரேட் டோப், தின்னர் கலந்து, நூலுக்குள் ஊறும்படி. இன்னொரு வகை டோப்பான பியூட்டிரேட்டை நேரே பூசினால் பொலியெஸ்டரில் பிடிக்காது. பிறகு அலுமினியப் பொடி கலந்த பூச்சு. பின்னால் பல்பைப் பிடித்தால் வெளிச்சம் கசியக் கூடாது. நம் மலை வெயில் துணியைத் தின்றுவிடும். நைட்ரேட் நெருப்புக்குக் காத்திருக்கிற சாமான், குசினிப் பக்கம் வைத்துவிடாதே.

இனி முக்கியமான விஷயம். டோப்பிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிரும். காற்று ஈரமாக இருந்தால் அந்த ஈரம் பூச்சிலேயே படிந்து வெள்ளை பூக்கும். லேசானது என்றால் மெதுவாக உலரும் தின்னரைத் தூவினால் கரையும். ஆழமாக இறங்கியதைச் சுரண்டத்தான் வேண்டும், அந்தப் பூச்சுக்குப் பலம் இராது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலே போனால் பிரஷைத் தொடாதே. உங்கள் பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இருக்குமே, அதைக் கேட்டு வாங்கு. 20 பாகைச் சூட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் 4 பாகையாவது வேண்டும். ஜூன் தொடங்கி ஹட்டனில் அது நடக்கிற காரியமா? அதே மாதங்களில் ஊவாப் பக்கம் மழை மறைவு, காற்றும் காய்ந்தது.

ஆகவே சட்டவேலை, தையல், அயர்ன் எல்லாம் அங்கே முடி. டோப்பை இங்கே ஜூலையில், காலை பத்து மணிக்குப் பிறகு பூசுவோம். துணி உரிக்குமுன்னும் பூச்சு முடிந்தபின்னும் நிறுக்க வேண்டும்: கீலுக்குப் பின்னால் பாரம் கூடினால் பறக்கும்போது சுக்கான் அதிரும். காட்சிக்கு மட்டும்தான் என்றாலும் எடையை எழுதி வை, பின்னால் வருகிறவனுக்கு உதவும்.

லொறியில் அனுப்பும்போது படுக்கப் போடாமல், விளிம்பு தரையில் படாதபடி நிமிர்த்திக் கட்டு. பழைய துணித் துண்டுகளையும் மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
ராஜன்