சுரங்கத்தை மூடும் திட்டம் முதல் நாளே வேண்டும்

பெறுநர்: சுரங்கத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: மூடல் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் முன் கவனிக்க வேண்டியவை

ஐயா / அம்மா, வணக்கம்.

கடைசி லாரி போன பிறகு கேட்டைப் பூட்டி, நாலு வரிசை மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்து ஃபைலில் சேர்த்துவிட்டால் சுரங்கம் மூடப்பட்டதாகக் கணக்கு எழுதிவிடுகிறார்கள். இதை நீங்கள் மாற்ற வேண்டும். அதற்காகத்தான் இந்த மனு.

முதலில் மேல்மண். விதைகள், வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள், நுண்ணுயிர்கள் எல்லாம் அந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன, அதை மலை மாதிரி குவித்து வருடக்கணக்கில் விட்டுவைத்தால் உள்ளே காற்று போகாமல் பெரும்பாலானவை செத்து, பிறகு அதைப் பரப்பினாலும் முளைப்பது பெரும்பாலும் களைதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா என்ற யூகலிப்டஸ் மரக் காடுகளில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது எடுக்கும் இடங்களில், முடிந்தவரை, ஒரு குழிக்காகச் சுரண்டிய மேல்மண்ணைக் குவித்து வைக்காமல் நேராகக் கொண்டுபோய், வேலை முடிந்த இன்னொரு குழியில் பரப்புகிறார்கள். அங்கேயும் பழைய காடு அப்படியே திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் விதை உயிரோடு இருக்கும்போதே மண் திரும்பிப் போகிறது. தோண்டத் தொடங்கும் நாளிலேயே திட்டம் இருந்தால்தான் இது நடக்கும்.

அடுத்தது தண்ணீர், எங்களுக்கு அதிக பயம் தருவது இதுதான். பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் கலந்த பாறை உடைந்து காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், அது பாறையில் இருக்கும் உலோகங்களையும் கரைத்து இழுத்து வரும். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் பெர்க்லி குழி என்ற செம்புச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைத்து வந்த பம்புகளை 1982இல் நிறுத்தினார்கள், நிலத்தடி நீர் ஏறி அந்தக் குழி அமில ஏரியாகிவிட்டது. 1995இல் அதில் வந்து இறங்கிய பனி வாத்துகள் 300க்கும் மேல் செத்து மிதந்தன. சுரங்கத்தில் வேலை நின்ற பிறகும் அந்த நீரைச் சுத்திகரிக்கும் செலவு இன்னும் நிற்கவில்லை.

அந்தச் செலவை யார் தருவார்கள்? தாது தீர்ந்ததும் நிறுவனம் திவால் என்று கைவிரித்தால் அரசு தலையில்தான் விழும், அதாவது எங்கள் தலையில். அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்கு உரிமம் வாங்கும் முன்பே, நிலத்தைச் சீர்செய்து தருவதற்கான நிதி உத்தரவாதத்தைக் கொடுக்க வேண்டும். இங்கேயும் உரிமத்துக்கு முன்பே வைப்புத்தொகை வாங்குங்கள், நிலத்தில் வேலை உண்மையாக முடிய முடிய மட்டும் அதைப் பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், சீக்கிரம் வளரும் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டுவிட்டு அதைப் பசுமை என்று சொல்வதை ஏற்காதீர்கள். புல், புதர், கொடி, பூச்சி, பறவை என்று முன்பு அங்கே என்னவெல்லாம் இருந்தன என்று தோண்டும் முன்பே கணக்கெடுக்கச் சொல்லுங்கள், மூடிய பிறகு பல வருடம் அதே கணக்கை எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். எல்லாக் குழியையும் மூடித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பழைய சுரங்கப் பாதைகளில் வௌவால்கள் குடியேறியிருந்தால், வாயை கான்கிரீட் போட்டு அடைக்காமல் அவை பறந்து போய்வர இடைவெளி விட்ட கம்பிக்கதவு போட்டால் போதும், ஆட்களும் உள்ளே போய் விழ மாட்டார்கள்.

இப்போது ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மூடல் திட்டங்களை எங்களுக்குப் புரிகிற மொழியில் வெளியிட்டு, எங்களையும் உட்கார வைத்துப் பேசிய பிறகே கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
சுரங்கங்களுக்குப் பக்கத்தில் வாழும் மக்கள்