அடைப்புக்கு வேர் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிவுநீர்க் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்வதால் தெருவோர மரங்களை வெட்ட அனுமதி தர வேண்டும் என்று மயிலாப்பூர் வாசகர் ஒருவர் உங்கள் பகுதியில் எழுதியிருந்தார். நான் மந்தைவெளிப் பக்கம் பிளம்பர் வேலை பார்ப்பவன். அந்த அடைப்பைக் கையால் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார்.

நல்ல குழாயை வேர் உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. பழைய வீடுகளில் இருப்பது மண் குழாய். அதில் சில அடிக்கு ஒரு ஜாயின்ட், அதைச் சுற்றிச் சிமெண்ட் பூச்சு. பூச்சில் விரிசல் விட்டால் ஈரம் கசியும். ஈரம் உள்ள பக்கம் வேர் பெருகும். நுழைய மயிரிழை இடம் போதும். உள்ளே தண்ணீர், உரம், காற்று மூன்றும் இருக்கிறதே, அப்புறம் கேட்க வேண்டுமா? கிளைத்துக் கிளைத்துக் குழாயையே நிறைத்துவிடும். இழுத்தால் முழ நீளத்துக்கு, குழாயின் உருண்டை வடிவத்திலேயே, தேங்காய் நார்த் திரி போல உருவிக்கொண்டு வரும்.

மரத்தை வெட்டினால் இது நிற்கும், சரி. கசிவு நிற்குமா? சாக்கடை மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதே மண்ணில்தான் நம் கிணறும் போரும் இருக்கின்றன.

எல்லா வேரையும் ஒரே கணக்கில் சேர்ப்பதும் தவறு. தென்னைக்குச் சல்லிவேர். தூரிலிருந்து விரல் கனத்தில் ஏராளமாகக் கிளம்பும், ஆனால் எத்தனை வருடமானாலும் அந்தக் கனம்தான். காம்பவுண்டுச் சுவரைத் தூக்கிவிடும் என்று பயந்து தென்னையை வெட்டுகிறார்கள், பாவம். ஆல், அரசு அப்படியில்லை. அவற்றின் வேர் வருடா வருடம் பருக்கும். காக்கை எச்சத்தில் வந்து மொட்டைமாடி விரிசலில் முளைத்த அரசங்கன்றை அன்றே பிடுங்கிவிட வேண்டும், அதில் எனக்கு இரக்கம் கிடையாது. அதே ஆல் திறந்த இடத்தில் நின்றால் விழுதுகள் தரை தொட்டுத் தூணாகிவிடும். அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் நடுமரம் 1989 புயலில் சாய்ந்த பிறகும் மரம் விழுதுகளில்தான் நிற்கிறது. முருங்கையில் விதை போட்டு வளர்த்ததற்கு ஆணிவேர் உண்டு. போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டதற்குக் கிடையாது.

2016 வர்தா புயலில் எங்கள் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம் விழுந்தது. சாலைப் பக்கத்து வேரெல்லாம் பழைய வெட்டு. எப்போதோ பள்ளம் தோண்டியவர்கள் நறுக்கியது. மிச்சமிருந்த வேர்களின் மேல் அடிமரம் வரை சிமெண்ட் கல். மரம் தீனி எடுக்கும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் இருப்பவை, அவற்றுக்குக் காற்று வேண்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவிட்டது. இங்கேயும் அந்த ஒரு மீட்டர் மண்ணை விட்டுவைத்தால் என்ன?

வெட்ட அனுமதி கேட்பவர்களிடம் முதலில் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். கீழ்ச் சேம்பரில் (குழாயைத் திறந்து பார்க்கும் தொட்டி) குழாய் வாயை அடைத்துவிட்டு, மேல்ச் சேம்பரில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் ஒரு கோடு போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். மட்டம் இறங்கினால் குழாயை மாற்ற வேண்டும். பிவிசி போட்டு ஜாயின்ட்டை ஒழுங்காக ஒட்டினால் வேர் நுழைய வழியில்லை.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
மந்தைவெளி, சென்னை