பரீட்சைக்கால முகப்பரு: கிழக்கிலங்கைப் பல்கலைக்கழகங்களின் மாணவர் நலப் பொறுப்பாளர்களுக்கு

மதிப்பிற்குரியீர்,

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் இறுதிப் பரீட்சை நெருங்கும் நாட்களில், செங்கலடியில் மருந்தாளராக இருக்கும் என்னிடம் மாணவர்கள் மருத்துவரின் துண்டு இல்லாமல் வந்து முகப்பருவுக்கெனக் கேட்பது பெரும்பாலும் ஒரே பொருளைத்தான்: விடுதி நண்பர்கள் சொல்லிவிட்ட பீட்டாமெத்தசோன் களிம்பு. ஸ்டீரொய்ட் கலந்த அக்களிம்பு முதற் சில நாட்களில் சிவப்பைத் தணித்து நம்பிக்கை ஊட்டும். தொடர்ந்து பூசினால் தோலை மெலியச் செய்து, புதிய பருக்களைத் தானே கிளப்பும். நான் கொடுக்க மறுத்தாலும் அவர்கள் வேறெங்கேனும் வாங்கிவிடுவார்கள் என்பதே என் கவலை.

மட்டக்களப்பின் வெயிலையும் புழுக்கத்தையும் மட்டும் குறை சொல்லி இதனைக் கடந்துவிட முடியாது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர் 22 பேரைப் பரீட்சைக் காலத்திலும் மற்றக் காலத்திலும் பரிசோதித்து 2003இல் வெளியான ஆய்வில், மன அழுத்தம் மிகுதியாகக் கூடியவர்களுக்கே பருவும் மிகுதியாகக் கூடியிருந்தது. நம்மைப் போலவே ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரப்பதமும் உள்ள சிங்கப்பூரில் பாடசாலை மாணவர்களிடம் நடந்த, 2007இல் வெளியான ஆய்விலும் அழுத்தத்தோடு பரு தீவிரமடைந்தது. ஆனால் தோலில் சுரந்த எண்ணெயின் அளவு குறிப்பிடத்தக்கதாக மாறவில்லை. அழுத்தத்தின்போது மூளை வெளியிடும் சமிக்ஞைக்கு எண்ணெய்ச் சுரப்பிகளிலும் அதனை உணரும் ஏற்பிகள் உள்ளன. எண்ணெய் கூடாதபோதும் அழற்சி, அதாவது சிவந்து வீங்குதல், தூண்டப்படுவதற்கு அதுவும் ஒரு வழி எனக் கருதப்படுகிறது. மன அழுத்தம் தனியே பருவை உண்டாக்குவதில்லை, இருக்கின்றதைப் பெருக்குகிறது. பெருகிய பரு மீண்டும் மனத்தை வருத்துகிறது. முகம் காட்டக் கூசி முன்வைப்புகளுக்கு எழுந்து நிற்கத் தயங்கும் பிள்ளையை "இது வயதுக் கோளாறு" என்று அனுப்பிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே வளாகச் சுகாதார நிலையத்துக்குப் பருவோடு வரும் மாணவரிடம் தூக்கத்தையும் மனநிலையையும் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்பட வேண்டும். தேவைப்படின் மாணவர் ஆலோசகரிடம் அவர் மறைவாகச் செல்ல வழி இருக்க வேண்டும். பென்சொயில் பெரொக்சைட், அடாப்பலீன் போன்ற முறையான மருந்துகள் பலன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் தொடங்கிப் பயனில்லை. அதை அறியாததாலேயே விரைவுக் களிம்பை நாடுகிறார்கள். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே இவ்விளக்கத்தையும் ஸ்டீரொய்ட் களிம்பு பற்றிய எச்சரிக்கையையும் தமிழிலும் சிங்களத்திலும் விடுதி அறிவித்தற் பலகைகளில் இடுமாறும், பரீட்சை அட்டவணையை இயன்றளவு முன்கூட்டியே வெளியிடுமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். விளக்கத்தை எழுதவோ மாணவரோடு வந்து பேசவோ மருந்தாளர் ஒருவர் தேவைப்பட்டால் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
செங்கலடி மருந்தாளர் ஒருவர்