கோச்சியின் கூரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் உலக நகரங்களில் ஓடும், ட்ராம் போன்ற இலகு ரயில்களின் அழகைப் பற்றி வந்த இரண்டு பக்கக் கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரி: ‘கோச்சியில் தொங்கிப் பழகிய நம்மவர்களுக்கு ரயிலின் தோற்றம் ஒரு பொருட்டல்ல, போய்ச் சேர்ந்தால் போதும்.’ கோச்சி என்று மலையகத்தில் நாங்கள் ரயிலைத்தான் சொல்வோம். அந்த வரிக்குப் பிறகு கட்டுரைக்குள் என்னால் போக முடியவில்லை. நான்கு நாள் பொறுத்தேன். மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் 35 வருடம் போர்ட் எழுதியவன். கடைப் பெயர், லொறிக் கதவு, கோயில் வளைவு எல்லாம் எழுதியிருக்கிறேன். பிறந்தது சிங்கமலைச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், கொட்டகலையை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். ரயில் பாதை எங்கள் மலைக்குக் கீழே ஓடுகிறது. அம்மா கொழுந்து எடுக்கும்போது நான் மேலே கல்லில் உட்கார்ந்திருப்பேன். கோச்சி வரும்போது முதலில் புகை தெரியும், பிறகு கூரை தெரியும். துருப்பிடித்த இடம், மழைத் தண்ணீர் வழிந்த கோடு, தகரம் மாற்றிய இடத்தில் வேறு நிறம், இவற்றை வைத்தே எந்தப் பெட்டி பழையது, எது புதியது என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவோம். எங்கள் பாதையில் 100 மீற்றர் ஆரை அளவுக்குக்கூட இறுகிய வளைவுகள் உண்டு. 44 அடிக்கு ஓர் அடி ஏறுகிற ஏற்றமும் உண்டு. அப்படி ஊர்ந்து திரும்பும்போது எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை முழு ரயிலும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். உங்கள் கட்டுரையில் இருந்த அத்தனை படமும் ரயிலின் முகம்தான். மலையில் நிற்பவனுக்கு முகம் கடைசியில்தான் தெரியும்.

இதை ஏதோ கிழவனின் பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இலகு ரயிலில் தளத்தைத் தாழ்த்தினால் அடியில் இடம் இருக்காது. மின்கருவிகளும் குளிரூட்டியும் கூரைக்கு ஏறிவிடும். அக்கறையுள்ள வடிவமைப்பாளர் அவற்றைச் சுற்றி மூடி ஒரே கோடாகக் கொண்டுபோவார். அக்கறையில்லாதவர் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டுப் போய்விடுவார், ஏனென்றால் வீதியில் நிற்பவனுக்கு அது தெரியாது. மாடி வீட்டில் இருப்பவனுக்கும் மலையில் இருப்பவனுக்கும் அது தெரியும்.

தோற்றம் பொருட்டல்ல என்கிறீர்கள். என் அம்மாவுக்கு 71 வயதானபோது கண் காட்டுவதற்காகக் கண்டிக்குக் கூட்டிப் போனேன். சிறிய நிலையம், மேடை தாழ்வு, பெட்டியின் வாசல் உயரம். முதல் படியே அம்மாவின் முழங்காலுக்கு மேலே இருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்தார், மறுகையில் சேலைத் தலைப்பு. நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்க, உள்ளே இருந்த ஒரு பொடியன் கையைப் பிடித்து இழுத்தான். மூட்டை ஏற்றுவதுபோலத்தான் ஏற்றினோம். சேலை படியின் இரும்பில் மாட்டிக் கிழிந்தது. ஏறிய பிறகு அம்மா யாரையும் பார்க்கவில்லை. கிழிந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கண்டி வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். இறங்கியதும், “தம்பி, திரும்புறப்போ பஸ்லயே போயிரலாம்ப்பா” என்றார். சாகும்வரை அவர் மறுபடி கோச்சியில் ஏறவில்லை. அந்தப் படியின் உயரம் அந்த ரயிலின் தோற்றத்தில் சேராதா ஐயா? அதை வரைந்தவர் யாரை மனதில் நிறுத்தி வரைந்தார்?

என் தங்கை மகள் கல்யாணமாகி பிரான்சில் மொன்பெலியே நகரில் இருக்கிறாள். மாமனுக்கு வரைதல் பிடிக்கும் என்று அவ்வூர் ட்ராமை வீடியோ எடுத்து அனுப்பினாள். 2000ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய முதல் பாதை அது. நீல உடம்பில் வெள்ளைப் பறவைகள். ஊன்றுகோல் பிடித்த ஒரு அம்மா சாமான் வண்டியை உருட்டிக்கொண்டே உள்ளே போகிறார். படி இல்லை, வாசலும் மேடையும் ஒரே மட்டம். அந்த வீடியோவை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அந்த ஊரின் இரண்டாவது பாதைக்குப் பூப்போட்ட ரயில். மூன்றாவதையும் நான்காவதையும் கிறிஸ்தியான் லக்ருவா என்ற ஆடை வடிவமைப்பாளர் அலங்கரித்தார். ‘வர்ண விளையாட்டு’ என்று உங்கள் கட்டுரையாளர் இதை ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டார். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரியாதவருக்கு ‘குருவி போட்ட கோச்சியில் ஏறு, பூப்போட்டதில் ஏறாதே’ என்று சொன்னால் போதும், தனியாகவே போய் வருவார். யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பிரான்சிலேயே லியோன் பட்டு நெய்த ஊர், அங்கே ட்ராமின் முன்பக்கம் பட்டுப்புழுவின் தலையைப் போல் இருக்கும். மார்செய் துறைமுக ஊர், அங்கே படகின் முன்முனையைப் போல் இருக்கும். அந்தந்த ஊர்க்காரர் பார்த்ததும் இது எங்களுடையது என்று அறிந்துகொள்கிற முகங்கள் இவை. இப்போது வருகிற பல ரயில்களுக்கோ முழுக் கறுப்புக் கண்ணாடி முகமும் சரிந்த மெல்லிய விளக்கும் வைக்கிறார்கள். யாரோ கோபத்தோடு ஹெல்மட் போட்டுக்கொண்டு வருவதுபோல் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பழைய செம்பழுப்புப் பெட்டிகள் தேயிலைப் பச்சைக்கு நடுவிலும் மூடுபனியிலும் தூரத்திலேயே தெரியும். 2012க்குப் பிறகு வந்த நீல ரயில்கள் பனிக்குள் கரைந்துபோகின்றன. வர்ணத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எழுத்து விடயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. போகுமிடம் காட்டுகிற புள்ளி விளக்குப் பலகைகளை ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு அளந்து செய்துவிட்டு, தமிழை அதற்குள் அமுக்குகிறார்கள். மேலே இகர விசிறி வெட்டுப்படுகிறது, கீழே உகரச் சுழி வெட்டுப்படுகிறது, புள்ளி காணாமலே போகிறது. ஒரு பஸ் நிலையத்தில் எங்கள் ஊரின் பெயர் ‘ஹடடன’ என்று ஓடியதை நான் நின்று பார்த்தேன். அங்கிருந்த அலுவலரிடம் சொன்னேன். “விளங்குதுதானே” என்றார். 1987இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதியாயிற்று. இரண்டு புள்ளி வைக்கப் பலகையில் இடமில்லை.

கொழும்பு இலகு ரயிலின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புறநகர் மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்குத் தூண்களின் மேல், 16 நிலையங்கள். 2019 மார்ச்சில் ஜப்பானோடு கடன் ஒப்பந்தம், 2020 செப்டெம்பரில் செலவு அதிகம் என்று ஜனாதிபதியின் உத்தரவில் நிறுத்தம். அப்போது நான் பார்த்த மாதிரிப் படங்களில் எல்லாம் ரயில் வானத்துக்கு நேரே பளபளத்துக்கொண்டு போனது. தூணடியில் மழைக்கு ஒதுங்கி நிற்பவன் ஒரு படத்திலும் இல்லை. தூணின் மேல் ஓடும் ரயிலுக்கு அடிவயிறுதான் முகம், கீழே இருப்பவர்கள் அதைத்தானே நாள்முழுக்கப் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் அப்பாவும் புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர்தான். 1960இல் நிறுத்தும்வரை பொரளை ட்ராமில் போய்வந்தவர். அதன் மணிச் சத்தத்தை வாயாலேயே அடித்துக் காட்டுவார். கொழும்பின் ரயில் எங்களுக்குச் சம்பந்தமில்லாத ரயில் அல்ல.

1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் எங்கள் மலை ரயில் பாதை வந்தது. பாறை உடைத்தவர்களில் எங்கள் பாட்டன்மாரும் உண்டு. 1948இல் தோட்டத் தமிழர்களான எங்கள் குடியுரிமையைப் பறித்தபோது யாரும் எங்களைக் கேட்கவில்லை. எங்களுக்கு எது பொருட்டு, எது பொருட்டல்ல என்று இன்றைக்கும் எங்களைக் கேட்காமலே எழுதுகிறீர்கள். மற்றவர்கள் எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. 30 வருடமாக நான் காசு கொடுத்து வாங்குகிற இதழ் எழுதியதால் வலிக்கிறது.

கண்டிக்கும் ஒருநாள் இலகு ரயில் வரலாம். 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற நகரம் அது. 2003இல் பிரான்சின் பொர்தோ நகரம் தன் பழைய கட்டிடங்களின் முன்னால் கம்பி தொங்கக்கூடாது என்று மின்சாரத்தைத் தண்டவாளத்துக்கு நடுவே தரையில் கொண்டுபோனது. அப்படியான யோசனைகளை எழுதுங்கள், வாசிக்கிறோம். அந்த ரயிலில் மட்டும் தயவுசெய்து கூடை சுமந்து சிரிக்கிற பெண்ணை வரைந்துவிட வேண்டாம் என்றும் எழுதுங்கள். அந்தப் படத்தை நானே எத்தனையோ தேயிலைக் கடைகளுக்கு வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகம்தான் வரும், சிரிப்பை மட்டும் நான் போடுவேன். ரயிலின் மேலே அவர் படம் வேண்டாம். அவர் போன்றவர்கள் சேலை கிழியாமல் உள்ளே ஏறினால் போதும்.

நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இலகு ரயிலின் படம் போடும்போது முகத்தோடு சேர்த்து, கதவு திறந்தபடி பக்கவாட்டில் எடுத்த ஒரு படமும் போடுங்கள். மேடைக்கும் வாசலுக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். இடம் இருந்தால் மேலிருந்து எடுத்த படம் ஒன்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
போர்ட் எழுதிய ஒரு பழைய வாசகன்,
ஹட்டன்.