கம்பி வேலியும் உட்கோணக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காங்கேயம், தாராபுரம் பகுதித் தோட்டங்களைக் காம்பஸ் (திசைகாட்டி) கொண்டு அளக்கும் இளைஞர்கள் பலர், முதல் கோட்டின் திசைக்கோணம் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம்) 70 பாகை, அடுத்தது 150 பாகை எனில், முதலாவதுடன் 180 கூட்டிய பின்திசைக்கோணமான (கோட்டின் மறுமுனையிலிருந்து திரும்பிப் பார்க்கும் திசைக்கோணம்) 250-இலிருந்து 150-ஐக் கழித்து, உட்கோணம் 100 பாகை என்று எழுதுகிறார்கள். வலஞ்சுழியாக அளக்கையில் இம்முறை சரியே. ஆனால், கிளுவைச் செடி வேலி போய்க் கம்பி வேலி வந்துவிட்ட தோட்டங்களில், இரும்பின் அருகே காம்பஸ் முள் விலகும். அப்போதும் இப்படி 180 கூட்டியே கணக்கிட்டால், நான்கு மூலைத் தோட்டத்தின் உட்கோணங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 360 என்றே வந்து பிழையை மறைத்துவிடும். பின்திசைக்கோணத்தை அந்தந்த மூலையில் நின்றே பார்த்துக் குறிக்க வேண்டும். அங்கு எடுக்கும் பின்திசைக்கோணம், அடுத்த கோட்டின் திசைக்கோணம் ஆகிய இரு அளவுகளும் ஒரே அளவு விலகுவதால், கழிக்கும்போது விலகல் நீங்கி உண்மையான உட்கோணம் கிடைக்கும். பயிற்சி வகுப்புகளில் இதை வயலில் வைத்தே கற்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தாராபுரம்