அது மாட்டுக் கொட்டகை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் நீலகிரியின் பழைய கட்டடங்களைப் பற்றி நான்கு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். ஊட்டியில் வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் கட்டிய கல் பங்களாவுக்கு ஒரு பக்கம். ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து வந்தவை என்பது வரை எழுதிய உங்கள் நிருபர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் படத்துக்குக் கீழே ‘கைவிடப்பட்ட பழைய மாட்டுக் கொட்டகை’ என்று போட்டு முடித்துவிட்டார். ஐயா, நான் வளர்ந்த வீடு அது. என் தம்பி பிறந்தது அங்கேதான். உங்கள் படத்திலேயே கொடியில் துணி காய்கிறது. மாட்டுக்கு யார் பாவாடை துவைத்துப் போடுவார்கள்?

கட்டடக்கலை என்றால் இதையும் எழுதியிருக்கலாம். சரிவை வெட்டிச் சமன் செய்து, கீழ்ப்புறம் சாந்து வைக்காமல் கல்லை அடுக்கித் தாங்கு கொடுத்து, அதன்மேல் ஒரே கூரையில் வரிசையாக வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் என்பதால் கல்லும் கூலியும் தோட்டத்துக்கு மிச்சம். எல்லாக் கதவும் ஒரே பக்கம் பார்த்திருக்கும். காலையில் யார் வேலைக்குக் கிளம்பவில்லை என்பது கங்காணிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எந்தச் சாதிக்கு எந்த லைன் என்று பிரித்து வைத்திருந்த தோட்டங்களும் உண்டு, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் லைனில் இடைச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் இருமுவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் பிரசவ வலிக்கும் மறைவு கிடையாது. ஆனால் உறைபனி விழும் மார்கழி ராத்திரியில் இரண்டு பக்கத்து அடுப்பும் சேர்ந்து நடுவீட்டுச் சுவரைச் சூடாக வைத்திருக்கும். வரிசையின் ஓரத்தில் இருக்கும் தொங்கல் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஒரு பக்கம் முழுக்கக் காற்று. கடைசியாக வந்தவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

நாங்கள் ஏன் கடைசியாக வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1948இல் சிலோனில் தோட்ட வேலை செய்த எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து இந்த மலைக்கு வந்தோம். எங்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. என் பெற்றோருக்கு வேலை கிடைத்ததோ ஒரு தனியார் தோட்டத்தில். கதவைத் திறந்து அறையைப் பார்த்த அம்மா, “காம்பரா அளவு அங்க இருந்த மாதிரியேதான்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் ‘சிலோன்காரி’. சாதிச் சான்றிதழுக்குப் போனால், எந்த ஊர், என்ன ஆதாரம் என்று அலையவிட்டார்கள். தொழிலாளிக்கு வீடு கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தக் கடமை அப்பா ஓய்வுபெற்ற அன்றோடு முடிந்தது. சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடை என்றார்கள். ஆயுசு பூராவும் தரை மெழுகி, தகரம் மாற்றி, ஓட்டை அடைத்துக் காப்பாற்றிய வீட்டில் அவருக்கு ஒரு கல்லும் சொந்தமில்லை.

2009 நவம்பரில் மலை சரிந்தபோது உங்கள் ஆட்கள் எங்கள் லைனுக்கு வந்தார்கள். அழுத முகங்களைப் படமெடுத்தார்கள். எங்களுக்குக் கீழே புதிதாகக் கட்டிய சிமெண்ட் சுவர் தண்ணீர் போக வழியில்லாமல் பிளந்து விழுந்தது. சாந்தில்லாத அந்தப் பழைய கல்லடுக்கு இடுக்கு வழியே தண்ணீரை விட்டுவிட்டு நின்றது. யார் அடுக்கிய கல் என்று அன்றைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன’ என்று திருத்தம் போடுங்கள். நிருபரை அனுப்புவதாக இருந்தால் நானே கூட வந்து காட்டுகிறேன். மழைக்காலத்தில் மேலேறும் பாதை வழுக்கும், பகலிலேயே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோத்தகிரி