மின்னி மறையும் கறுப்புச் சாளரம்

அன்புள்ள மகளுக்கு,

குடும்பப் படங்களை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்க நீ டெஸ்க்டாப்பில் உருவாக்கிய, விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை வரி நிரலான ரோபோகாப்பிக்கான ஷார்ட்கட், கறுப்புச் சாளரமாக ஒரு கணம் மின்னி மறைந்துவிடுகிறது என்றும், தோழி சொன்னபடி அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் நகலெடுக்கிறது, ஆனால் நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பை மட்டும் காணவில்லை என்றும் எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

ஷார்ட்கட்டின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டார்கெட்டுக்குக் கீழே உள்ள ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தைப் பார். நிரல் எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு வேலையைத் தொடங்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. ரோபோகாப்பி விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பதால், ஷார்ட்கட்டை உருவாக்கும்போது விண்டோஸ் அந்த இடத்தையே அங்கே நிரப்பிவிடும். நீ லாக் கோப்புக்கு முழு முகவரி தராமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தால், அதை சிஸ்டம்32-இல் எழுத முயன்று, அனுமதி கிடைக்காமல் நிரல் உடனே நின்றுவிடும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுத்ததும் தடை நீங்கியது. லாக் கோப்பும் அங்கேயே போய் உட்கார்ந்திருக்கும், தேடிப் பார். தோழி சொன்னது தடையை நீக்கியதே தவிரக் காரணத்தைத் தொடவில்லை. சொந்தப் படங்களை நகலெடுக்க அந்த உரிமை தேவையே இல்லை. அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கட்டத்தில் குறி இருந்தால் அதை எடுத்துவிட்டு, லாக் கோப்புக்கு டிரைவ் எழுத்திலிருந்து தொடங்கும் முழு முகவரியைக் கொடு.

கட்டளை வரி நிரல்கள் முடிந்தாலும் முறிந்தாலும் சாளரம் தானாகவே மூடிக்கொள்ளும் என்பதால், பிழைச் செய்தியைப் படிக்க உனக்கு நேரம் கிடைக்கவில்லை. டார்கெட்டில் ரோபோகாப்பிக்கு முன்னால் சிஎம்டி என்று எழுதி, இடைவெளி விட்டு, சாய்கோடும் கே என்ற எழுத்தும் சேர்த்தால் (cmd /k), நீயே மூடும்வரை சாளரம் நிற்கும். கே இருக்கும் இடத்தில் சி போட்டால் பழையபடி மூடிவிடும்.

கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தால் முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் வை. ஆனால் மூடும் குறிக்கு முன்னால் பின்சாய்கோடு வேண்டாம். அது இருந்தால் ரோபோகாப்பி அந்த மேற்கோளையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு, அடுத்த முகவரியையும் சேர்த்துக் குழப்பிவிடும். எரிச்சலூட்டும் குணம்தான், ஆனால் நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும்.

ஷார்ட்கட் கீ கட்டத்தில் ஓர் எழுத்தை அழுத்தினால் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பிலிருந்து, ஸ்டார்ட் மெனு அல்லாத வேறு கோப்புறைக்கு மாற்றினால் அந்த விசை வேலை செய்யாது.

கட்டளையில் ‘மிர்’ (/MIR) என்ற விருப்பத்தைச் சேர்த்திருக்கிறாயா என்பதையும் கவனி. கணினியில் நீ நகலெடுக்கும் கோப்புறையில் இல்லாத படங்களை அது ஹார்டு டிஸ்க்கில் நகல் சேரும் கோப்புறையிலிருந்தும் அழித்துவிடும். ஆகவே முதல் தடவை சாய்கோட்டுடன் எல் என்ற எழுத்தையும் கடைசியில் சேர்த்து இயக்கு. எதையும் நகலெடுக்காமல், அழிக்காமல், செய்யப்போவதை மட்டும் பட்டியலிடும். பட்டியல் சரியாக இருந்தால் சாய்கோட்டையும் எல் எழுத்தையும் நீக்கிவிட்டு மறுபடி இயக்கு.

அன்புடன்,
அப்பா